முதல் கேஜ்

பெங்களூரில் ஒரு கண்ணாடிக் கட்டடம் தன்னுடைய பழைய தீயணைப்புச் சாமான்களைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டியது. கழற்றியதை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. குப்பைக்கு அனுப்பினால் அதற்கொரு அனுமதி, அதற்கொரு கட்டணம், "இத்தனை வருஷம் இதையா மாட்டி வைத்திருந்தீர்கள்?" என்று ஓர் அதிகாரியின் பார்வை. தானமாகக் கொடுத்தாலோ மாலை, மேடை, ஆண்டறிக்கையில் முழுப் பக்கப் படம். ஆக, ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தக் கம்பெனியின் 'அபயக் கரங்கள்' அறக்கட்டளைக்குக் கோலார் தங்க வயல் மக்களின் உயிரைப் பற்றி ஆழ்ந்த கவலை பிறந்தது.

அந்தக் கவலையை இருபத்திரண்டு பிரிவுகளாக வடித்துக் கொடுத்தவன் ரூபேஷ். அறக்கட்டளையின் சட்ட ஆலோசகன். ஒப்பந்த ஊழியன்தான், ஆனால் விசிட்டிங் கார்டில் அதை அச்சடிக்க யாரும் சொல்லவில்லை, அவனும் அச்சடிக்கவில்லை. தங்க வயலின் சாம்பியன் ரீஃபில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் பிறந்து, இன்னும் அங்கிருந்தே தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே திரும்புகிறவன். ரயில் பவுரிங்பேட்டை தாண்டுவதற்குள் தமிழை மடித்துப் பையில் வைத்துவிட்டு ஆங்கிலத்தை எடுத்து உடுத்திக்கொள்வான்.

இந்தத் தானம் ஒழுங்காக நடந்தால் அவனை நிரந்தரம் செய்வதாக அறக்கட்டளையின் தலைவர் மனோகர் வாக்குக் கொடுத்திருந்தார். "லெட்டரை அன்னைக்கு மேடையிலயே கொடுத்துடலாம், ரூபேஷ். நம்ம ஊர்ப் பையனுக்கே கொடுத்தோம்னு போட்டோவும் நல்லா வரும்." அவ்வளவு போதாதா? ரூபேஷின் மனைவி ராதிகா அன்று இரவே பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் வாடகைக்கு வீடு தேட ஆரம்பித்துவிட்டாள். வீடு கிடைத்தால் ரயில் இல்லை. ரயில் இல்லாத வாழ்க்கையைச் சொர்க்கம் என்றுதான் அந்தக் குடும்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரூபேஷ் தயாரித்தவை இரண்டு தாள்கள். ஒன்று, வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய பொறுப்புத் துறப்பு. இந்தச் சாமான்களின் தரத்தைப் பற்றிக் கொடுப்பவர் ஒன்றும் அறியார், ஒன்றும் சொல்லார். கயிறு அறுந்தாலும், சிலிண்டர் வெடித்தாலும், நிலநடுக்கம் வந்தாலும், எலி கடித்திருந்தாலும், வாங்கியவரோ அவரது வாரிசுகளோ வழியில் போன மூன்றாம் நபரோ கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது. மற்றது, ஆடிட்டருக்காக மனோகர் கையெழுத்துப் போட வேண்டிய சான்றிதழ். இந்தச் சாமான்கள் ஒவ்வொன்றும் நேரில் சோதிக்கப்பட்டவை, முதல் தரமானவை. ஒரே மதியத்தில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் எழுதினான். ஒன்றை எழுதும்போது மற்றது அவனை உறுத்தவில்லை. படிக்கப் போகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், பிறகென்ன?

ஆளை இறக்கும்போது இடுப்பில் பூட்டுகிற பெல்ட்டுகளில் தைத்திருந்த துணி லேபிள்களில் மட்டும் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. எந்த வருஷத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று அதில் அச்சாகியிருந்தது. அந்த வருஷம் போய்ப் பல தீபாவளிகள் ஆகியிருந்தன. ஸ்டோர்காரர் போன் செய்து கேட்டபோது, "தேதி இருந்தாத்தானே காலாவதி?" என்றான் ரூபேஷ். ஸ்டோர்காரர் கத்தரிக்கோலை எடுத்தார்.

வாங்கப் போகிறவர்கள் தங்க வயலின் ஆண்டர்சன்பேட்டைத் தொண்டர் மீட்புக் குழு. ஆண்டர்சன்பேட்டையைச் சுற்றி மூடாமல் விட்ட பழைய சுரங்கக் குழிகளில் ஆடு விழும், மாடு விழும், போதையில் வீட்டுக்குக் கிளம்பியவர்களும் விழுவார்கள். லைன் வீடுகளில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி சந்து முனையில் நின்று மணியடிக்கும். உள்ளே நுழைய அதற்கு இடுப்பு பத்தாது. இந்த வேலைகளையெல்லாம் மாடு கட்டும் கயிறும் பிளாஸ்டிக் வாளியும் வைத்துக்கொண்டு செய்துவந்த பத்துப் பன்னிரண்டு பேர்தான் குழு. ஓடி ஓடி வேலை செய்வது இசபெல்லா. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரூபேஷ் போகும் அதே ரயில், பெண்கள் பெட்டி. தலைவர் முனிரத்தினம். அவருடைய வேலை தலைவராக இருப்பது.

இசபெல்லா முன்னாலேயே ரூபேஷுக்குப் போன் செய்து கேட்டிருந்தார்.

"தம்பி, அந்த பெல்ட்டெல்லாம் எந்த வருசத்துது?"

"அக்கா, எல்லாம் இருக்கிற நிலையில் அப்படியே கொடுக்கறோம். டாக்குமென்ட்ல மூணாவது பிரிவு பாருங்க."

"பிரிவு கெடக்குது. பெல்ட்டுல தேதி கீதா, இல்லியா?"

"இல்லக்கா," என்றான் ரூபேஷ். சுத்தமான உண்மை.

விழா மாதா கோயில் மண்டபத்தில். மாடி வைத்த கட்டடம்; முன்னால் ஷாமியானா, சீரியல் லைட், பகலிலேயே எரிந்தது. மேசை மேல் சிவப்பு ஹெல்மெட்டுகள் அடுக்கியிருந்தார்கள். நடுவில் அன்றைய நட்சத்திரமான 'மாடி இறக்கி': ஒரு இரும்புப் பெட்டி, உள்ளே சுருண்ட கம்பிக் கயிறு, நுனியில் உட்காரும் பெல்ட். மேல்மாடியில் தீப்பிடித்தால் பெட்டியைக் கொக்கியில் மாட்டி, பெல்ட்டை இடுப்பில் பூட்டிக்கொண்டு வெளியே இறங்கினால் அது பதமாகக் கீழே கொண்டுவிடும். அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் பதினைந்து வருஷம் தொங்கியும் அதில் ஒருவரும் இறங்கியதில்லை. அதனால்தான் புதுசு போல இருக்கிறது என்றார் மனோகர்.

முனிரத்தினம் வரவேற்றுப் பேசினார். அவர் மைன்ஸில் வேலை பார்த்தவர் என்பது ஊருக்குத் தெரியும். அதிகாரிகள் கேன்டீனின் சாமான் அறையில் வேலை பார்த்தவர் என்பதை ஊர் மரியாதைக்காக மறந்திருந்தது. ஒரே ஒரு தடவை, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜில் ஏறிக் கீழே போயிருக்கிறார். மேலே வந்து வாந்தி எடுத்தார். அந்த ஒரு தடவையை முப்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க காலத்துல, நாங்கெல்லாம் அடியில எறங்கினா, மேல வருவோமா இல்லியான்னு தெரியாது. ஆனா டிசிப்ளின் இருந்துச்சு! இன்னா இருந்துச்சு?"

"டிசிப்ளின்," என்றது கூட்டம். இதை அது முன்பும் சொல்லியிருக்கிறது.

அடுத்து மனோகர் எழுந்தார். ஆங்கிலத்தில் தொடங்கிக் கன்னடத்தில் கும்பிட்டுத் தமிழில் நெகிழ்ந்தார். சமூகத்துக்குத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேசினார். எதை எப்போது எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டல் கொஞ்சம் மெலிந்தபோது அவருக்கு இன்னும் பலமாக எதையாவது சொல்லவேண்டும் போல இருந்தது. ஆடிட்டர் சான்றிதழ் நினைவுக்கு வந்தது.

"சும்மா வாங்கி சும்மா கொடுக்கிற ஆள் நான் இல்ல. ஒவ்வொண்ணையும் நானே, இந்தக் கையால சோதிச்சுப் பார்த்து, முதல் தரம்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்!"

ரூபேஷுக்கு ஜாக்கெட்டுக்குள் வேர்த்தது. அது ஆடிட்டருக்கான வாக்கியம், ஆண்டர்சன்பேட்டைக்கு அல்ல. மூன்றாவது பிரிவு அந்த நிமிஷமே மேடையில் செத்து விழுந்ததை அவன் ஒருவன்தான் பார்த்தான்.

ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று வந்துகொண்டிருந்தது. பின்னால் யாரோ விசிலடித்தார்கள்.

"அப்போ மொதல் கேஜு சாருதுதான்!"

"மொதல் கேஜு! மொதல் கேஜு!" என்று நாற்காலிகள் நகர்ந்தன.

ஏதோ பட்டம் கொடுக்கிறார்கள் என்று நினைத்து மனோகர் கைகூப்பினார். "இந்த கௌரவத்தைப் பணிவோடு ஏத்துக்கறேன்."

கைதட்டல் ஷாமியானாவைத் தூக்கியது. ரூபேஷ் கண்ணை மூடிக்கொண்டான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் இதை எப்படி மறந்தான்?

சுரங்கம் ஓடிய நாளில் கேஜின் கயிற்றை மாற்றினால், 'சரியாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்ட துரையே முதலில் அதில் ஏறி அடிவரை போய் வரவேண்டும். அவர் முழுசாக மேலே வந்த பிறகுதான் ஷிஃப்ட் இறங்கும். இது சட்டமா, வழக்கமா, அன்றைக்கு வேலைக்கு இறங்க மனமில்லாத யாரோ கட்டிவிட்டதா, யாருக்கும் நிச்சயமில்லை. சுரங்கத்தை மூடிய பிறகு இந்த வழக்கம் மட்டும் மேலே ஏறிவந்து தெருவில் உலவ ஆரம்பித்தது. புதுத் தண்ணீர்த் தொட்டி கட்டினால் கான்ட்ராக்டர் முதல் டம்ளர் குடிக்க வேண்டும். பூங்காவில் உடற்பயிற்சி இயந்திரம் வைத்த கவுன்சிலர் வேட்டியோடு அதில் ஏறி ஆடிக் காட்டினார். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: முதல் கேஜ். கையெழுத்துப் போட்டவன் ஏறாத எதிலும் ஆண்டர்சன்பேட்டை ஏறாது.

முனிரத்தினம் மைக்கில் இதை விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் மனோகரின் முகத்திலிருந்து பணிவு போய்விட்டிருந்தது.

"அதாவது... நான்... இதுல?"

"மாடியிலேர்ந்து கீழ வரைக்கும் சார். ரெண்டு நிமிசம். டீ ஆறுறதுக்குள்ள வந்துடுவீங்க."

"எனக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு," என்று மனோகர் மார்பின் வலப்பக்கம் கை வைத்தார். பிறகு நினைவு வந்து இடப்பக்கம் மாற்றினார்.

"அப்போ வேணாம் சார், பாவம்," என்றார் முனிரத்தினம். "ஆனா பெட்டியை நாங்க எடுத்துக்க மாட்டோம். உங்க பேப்பர்லயும் கையெழுத்துப் போட மாட்டோம். அது டிசிப்ளின்."

மனோகரின் கண்கள் மேடையைத் துழாவி ரூபேஷிடம் வந்து நின்றன. மூழ்குகிற ஆளின் கண்கள் மரக்கட்டையைப் பார்க்கிற மாதிரி ஓர் அன்பு.

"நண்பர்களே, சோதனை செஞ்ச சான்றிதழைத் தயார் பண்ணினவர் இதோ, உங்க ஊர்ப் பிள்ளை! ஒவ்வொரு பக்கத்திலயும் இவரோட இனிஷியல் இருக்கு. என் பிரதிநிதியா இவர் இறங்குவார்!"

"டேய், நம்ம தாமோதரன் மவன்டா!" என்றது ஒரு குரல். "சாம்பியன் லைன் பையன்! எறங்குடா ராஜா!"

மனோகர் ரூபேஷின் காதருகில் வந்தார். "லெட்டர் என் பேக்லதான் இருக்கு. சின்ன ஹைட்டுதானே."

ரூபேஷின் மூளை இருபத்திரண்டு பிரிவுகளையும் ஓடிப் பார்த்தது. வாங்கியவருக்கு அடிபட்டால் அறக்கட்டளைக்குப் பாதுகாப்பு. வாரிசு கேட்டால் பாதுகாப்பு. வழிப்போக்கன் தலையில் ஹெல்மெட் விழுந்தாலும் பாதுகாப்பு. கொடுத்தவரின் ஆளே தொங்கினால்? அதை அவன் எழுதவில்லை. அப்படி ஒரு முட்டாள் இருப்பான் என்று அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஒயிட்ஃபீல்டு வீட்டில் பால்கனி உண்டு என்று ராதிகா சொல்லியிருந்தாள். ரூபேஷ் மாடிப்படி ஏறினான்.

மாடியில் இசபெல்லா பெல்ட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தையலில் வெள்ளை நூல் பிசிறுகள் நின்றன.

"இங்க ஒரு லேபிள் இருந்துக்குது. யாரு கத்தரிச்சது?"

"கொண்டுவரும்போது எங்கயாவது..."

"கொண்டுவரும்போது இவ்ளோ நேரா கிழியுமா? ஒண்ணு தவறாம எல்லாத்துலயும்?" அவர் அவன் முகத்தைப் பார்த்தார். "தம்பி, இதுல எறங்காத. வேணாம்."

"ஒண்ணும் ஆகாதுக்கா."

"ஆவும்னு உனக்கே தெரியுது. ஒதடு எப்படி வறண்டு கீது பாரு."

"அக்கா, சட்டப்படி நான் அறக்கட்டளையோட பிரதிநிதியா..."

"போ, எக்கேடோ கெட்டுப் போ," என்றார் இசபெல்லா. "நான் போய் ஏணி எடுத்தாறேன்." இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினார். ஓர் ஆள் இன்னும் இறங்கவே இல்லை, அதற்குள் ஏணிக்கு ஓடுவது அபசகுனம் என்று ரூபேஷுக்குக் கோபம் வந்தது.

பெட்டியைக் கைப்பிடிச் சுவர்க் கொக்கியில் மாட்டினார்கள். பெல்ட்டைப் பூட்டினார்கள். கீழே செல்போன்கள் உயர்ந்தன. ரூபேஷ் சுவரைத் தாண்டிக் காலை வெளியே போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உடம்பை விட்டான்.

பெட்டி கிறீச்சிட்டது. ஒரு முழம் இறங்கினான். இன்னொரு முழம். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆஹா, இவ்வளவுதானா என்று அவனுக்குள் ஒரு கர்வம் தலைதூக்கிய நேரத்தில் உள்ளே எதுவோ துருப்பிடித்துக் கடித்துக்கொள்ள, மாடி இறக்கி நின்றது.

நின்றே விட்டது.

ரூபேஷ் மண்டபத்தின் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் தொங்கினான். மேலே கைக்கு எட்டாது, கீழே காலுக்கு எட்டாது. மெதுவாகச் சுற்றினான். ஒரு சுற்றுக்குக் கூட்டம், மறு சுற்றுக்குச் சுவர். நேர் கீழே கருங்கல் படிகள் இருந்தன. ஏறும்போது அவை அவ்வளவு கூர்மையாகத் தெரியவில்லை.

"இன்னாபா, ஸ்டேஷன் வந்துச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"க்ராசிங்காம்! எக்ஸ்பிரஸுக்கு வழி வுட்டு நிக்குது!"

தினமும் அதே ரயிலில் போகிறவர்கள். சிரித்து ஓய நேரமாயிற்று.

"இறக்குங்க!" என்று கத்தினான் ரூபேஷ். "யாராவது மேல வந்து கயிறை இழுங்க!"

இரண்டு பேர் நகர்ந்தார்கள். முனிரத்தினம் மைக்கைத் தட்டி அவர்களை நிறுத்தினார். அன்று முழுவதும் மனோகரே பேசிவிட்டார். இப்போதுதான் முனிரத்தினத்தின் நேரம் வந்தது.

"ஒருத்தரும் கை வெக்கக் கூடாது! தம்பி ரூபேஷ், நாங்க இழுத்து, கயிறு அறுந்து, நீ கீழ வுழுந்து கால் ஒடிஞ்சா யாரு பொறுப்பு?"

"மாமா, வெளையாடாதீங்க!"

"வெளையாட்டு இல்ல. நீ எழுதின பேப்பரைப் படிச்சேன். ராத்திரி தூக்கமே வரல. எவ்ளோ ஆபத்து கீது இந்த ஒலகத்துல! நீ ஒரு கையெழுத்துப் போட்டுடு. நாங்க உன்னைக் காப்பாத்துறோம்."

சீரியல் லைட் மாட்டும் மூங்கில் கழியின் நுனியில் பொறுப்புத் துறப்பும் பேனாவும் கட்டப்பட்டு மேலே வந்தன. 'வாங்குபவர்' என்ற இடத்தையெல்லாம் அடித்துத் 'தொங்குபவர்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். ரூபேஷ் தாளைப் பிடித்தான். ஒரு தாளைக் கையில் கொடுத்தால் படிக்காமல் இருக்க முடியாத பிறவி அவன். சுற்றிக்கொண்டே படித்தான்.

"'அவரது வாரிசுகளும்'னு இருக்கு! அதை எடுங்க! என் பொண்டாட்டிக்கு உரிமை போயிடும்!"

"அது நீ போட்டது தம்பி."

"ஆறாவது பிரிவு ரொம்ப அகலமா இருக்கு! இது கோர்ட்ல நிக்காது!"

"கோர்ட்டுல நிக்காதா?" முனிரத்தினம் கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டீங்களா? இதுலதான் எங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னான்."

பெல்ட் தொடையை அறுத்தது. கால் மரத்தது. கூட்டத்துக்கு போண்டா வந்தது. எண்ணெய் வாசனை மேலே ஏறி வந்தது.

நேர் கீழே மனோகர் போனில் பேசிக்கொண்டிருந்தார். தன் குரல் மேலே போகாது என்று நினைத்திருக்க வேண்டும். மேலே போனதோடு முனிரத்தினத்தின் மைக்கிலும் போனது.

"இல்ல இல்ல, நம்ம எம்ப்ளாயி இல்ல. ஒப்பந்த ஆள். ஆமா. அவரா ஆசைப்பட்டு ஏறினார். நான் தடுத்தேன். நிரந்தரமா? யாரு சொன்னா? லெட்டரை எடுத்து உள்ள வெச்சுட்டேன். ஏதாவது ஆனா பார்த்துக்கலாம்."

ரூபேஷ் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த சுற்று அது. சுவரையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

பக்கத்துத் தெருவில் வெள்ளையடித்துக்கொண்டிருந்த வீட்டிலிருந்து இசபெல்லா ஏணியோடு வந்தார். அதற்குச் சொந்தக்காரர் வாளியும் பிரஷுமாகக் கூடவே ஓடிவந்தார். "அக்கா, அது வெள்ளையடிக்கிற ஏணி! ஒடஞ்சா யாரு..."

"நான்," என்றார் இசபெல்லா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஏணியைச் சுவரில் சாய்த்துக் கீழே நாலு பேரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஏறினார். "காலை இதுல வை. அது சுவரு, இது படி. ஆங். பேப்பரைக் கீழ போடு, ரெண்டு கையாலயும் புடி." பெல்ட்டின் பூட்டைக் கழற்றினார். ரூபேஷ் சுண்ணாம்பு அப்பிய ஏணியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கித் தரையில் உட்கார்ந்தான். ஜாக்கெட்டின் முன்பக்கம் முழுக்க வெள்ளை.

முதலில் ஓடிவந்தவர் மனோகர். மைக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"பாத்தீங்களா! பெல்ட் அறுந்துச்சா? இல்ல! ஒரு முழு ஆளை இவ்வளவு நேரம் தாங்கியிருக்கு! நேரடி சோதனை! முதல் கேஜ் வெற்றி!"

அறக்கட்டளையிலிருந்து வந்த இரண்டு பேர் கைதட்டினார்கள். கூட்டத்திலும் சிலர் தட்டினார்கள். அறுந்து விழவில்லை என்பது உண்மைதானே. முனிரத்தினம் யோசிக்க ஆரம்பித்தார். வழக்கப்படி இறங்கினான், உயிரோடு இருக்கிறான். மேசை மேல் ஹெல்மெட்டுகள் சிவப்பாக மின்னின.

மனோகர் ரூபேஷின் பக்கத்தில் குந்தினார். கையில் ஒரு தாள், மறு கையில் உறை. உறை வெளியே வந்துவிட்டிருந்தது.

"ரூபேஷ், ஒரே ஒரு லைன். 'நானே பயன்படுத்திப் பார்த்தேன், திருப்தி.' போட்டுடு, அவங்களும் போட்டுடுவாங்க. இந்தா உன் லெட்டர். நிரந்தரம். போன்ல பேசினதை மனசுல வெச்சுக்காதே, அது சும்மா லீகல்."

ரூபேஷ் உறையைப் பார்த்தான். உள்ளே பால்கனி தெரிந்தது. பேனாவை வாங்கினான். கையில் சுண்ணாம்பு அப்பியிருந்ததால் முதலில் அதைத் துடைத்தான். அந்தச் சில நொடிகளில் அவனுடைய படிப்பு வேலை செய்ய ஆரம்பித்தது. இந்த வரியில் கையெழுத்துப் போட்டபின் யாராவது இந்தப் பெல்ட்டில் விழுந்தால்? அறக்கட்டளைக்கு இருபத்திரண்டு பிரிவு. மனோகருக்கு ஸ்டென்ட், வக்கீல் கூட்டம், இரண்டு தாள். குழுவுக்கு, நாங்கள் நம்பினோம் என்ற பதில். மிச்சம் யார்? பயன்படுத்திப் பார்த்துத் திருப்தி என்று எழுதியவன். பெல்ட்டின் வயது தெரிந்தவன். ஊரிலேயே, உலகத்திலேயே, எந்தப் பிரிவும் காப்பாற்றாத ஒரே ஆள். ஜெயிலுக்கும் ஒரு முதல் கேஜ் இருந்தால் அதில் ஏறப்போவது அவன்தான்.

பேனாவை மூடினான்.

"இது காலாவதியான சாமான்," என்றான். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "பெல்ட், கயிறு, சிலிண்டர், எல்லாமே. லேபிள்கள் கத்தரிக்கப்பட்டிருக்கின்றன. யாரும் கையெழுத்துப் போடாதீங்க. நான் போட மாட்டேன்."

யாரால் கத்தரிக்கப்பட்டன என்று அவன் சொல்லவில்லை. அந்த உணர்ச்சிகரமான நேரத்தில் யாரும் கேட்கவும் இல்லை. கூட்டம் எழுந்து நின்றது. "தாமோதரன் மவன்டா!" என்று மறுபடியும் ஒரு குரல், இந்த முறை அதில் கண்ணீர் இருந்தது.

மனோகர் உறையை உள்பைக்குள் வைத்தார். இந்த ஊருக்குக் கொடுத்துப் பழக்கமில்லை, வாங்கவும் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பின்னாலேயே வேன் டிரைவர் திலீப் ஹெல்மெட், சிலிண்டர், மாடி இறக்கி எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினான். அடுத்த வாரம் வேறு எந்த ஊரின் உயிரைப் பற்றி அறக்கட்டளை கவலைப்படப் போகிறதோ.

மனோகருக்கு என்று வாங்கி வைத்திருந்த சால்வை மிஞ்சியது. அதை வீணாக்க முனிரத்தினத்துக்கு மனம் வரவில்லை. ரூபேஷின் சுண்ணாம்புத் தோளில் போர்த்தி மைக்கைப் பிடித்தார்.

"வேலையே போனாலும் பரவால்லன்னு ஊரைக் காப்பாத்தினான் பாரு, இவன்தான் நம்ம மண்ணு! இன்னியிலேர்ந்து தம்பி ரூபேஷ் நம்ம குழுவுக்கு கௌரவ சட்ட ஆலோசகர்!"

கைதட்டல் ஓய்ந்து, நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தார்கள். இசபெல்லா ஆறிப்போன ஒரு டீயை அவன் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்களுக்காக நீ அதைச் சொல்லல. தெரியும்."

ரூபேஷ் ஆறின டீயை ஊதிக் குடித்தான்.

"லேபிளும் யாரு வேலைன்னு தெரியும். போவட்டும், அந்த எழவெல்லாம் திரும்பிப் போச்சு, அது போதும்."

"அக்கா," என்றான் ரூபேஷ் தாழ்ந்த குரலில், "இந்த கௌரவ ஆலோசகர்... நாளைக்குக் குழு யாரையாவது காப்பாத்தப் போய் ஏதாவது ஆச்சுன்னா, என் பேர் அதுல வருமா?"

இசபெல்லா அவனைப் பார்த்தார். நர்ஸுகள் தெர்மாமீட்டரைப் பார்க்கிற பார்வை.

"வராது. பேரெல்லாம் வேணாம். இந்த ஏணி மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு கீறோம். ஞாயித்துக்கெழம காலையில எல்லாரும் ஏறிப் பழகறோம். வந்து கீழ புடிச்சிக்கினு நில்லு. புடிச்சா போதும்."

"ஞாயித்துக்கெழமையா?" ரூபேஷ் சால்வையின் நுனியைச் சரிசெய்துகொண்டான். "காலையிலயா அக்கா? வாரத்துல அந்த ஒரு நாள்தான் நான் தூங்கறது. கையெழுத்து ஏதாவது வேணும்னா சொல்லுங்க, போட்டுத் தரேன்."

இசபெல்லா எழுந்து ஏணியின் ஒரு முனையைத் தூக்கினார். மறு முனையை வெள்ளையடிப்பவர் தூக்கிக்கொண்டார்.